ஆயில் குடித்த காரும் காலண்டர் பார்த்த சர்வீஸ் மையமும்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதியதென்று ஒதுக்கிவிடுவீர்கள். இந்தக் காரின் இருக்கையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஓட்டிவிட்டு இறங்கினாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பிரேக் சொன்ன இடத்தில் நிற்கும். ஏசி, ஸ்டியரிங் எதிலும் குறை கிடையாது. பெட்ரோலைக்கூட அளவாகத்தான் குடித்தது. ஆயில் விஷயத்தில்தான் அதற்கு அளவு தெரியவில்லை. வாங்கி 3 ஆண்டு 7 மாதத்தில், 88,000 கிலோமீட்டரில் என்ஜின் போய்விட்டது. வாரண்டி 3 ஆண்டு. நான் எழுத வந்தது நடுவில் கிடக்கும் அந்த 7 மாதத்தைப் பற்றியும், அதற்கு முன்னால் நான் நம்பிய ஒரு வாக்கியத்தைப் பற்றியும்.

58,000 கிலோமீட்டரில், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றுவதற்காக பானெட்டைத் திறந்தேன். கை சும்மா இராமல் ஆயில் குச்சியையும் உருவிப் பார்த்தது. நுனி காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, ஓரத்தில் ஈரம் மாதிரி ஏதோ தெரிந்தது. ஆயில் மாற்றி 5,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை. பின்னால் புகையும் இல்லை. புகை இல்லையென்றால் ஆயில் எரியவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்றைய கார்களில் எரிந்த ஆயிலின் புகையை, புகைக்குழாயில் நச்சு வாயுக்களைச் சுத்திகரிப்பதற்கென்று இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெருமளவு விழுங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படி விழுங்கி விழுங்கி அதுவும் கெட்டுப்போகும் என்பது அதற்கும் பிறகு.

சர்வீஸ் மையத்தில் ஆலோசகராக இருந்த இளைஞர் மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "எல்லா வண்டியும் கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார்" என்றார். நான் நம்பிய வாக்கியம் இதுதான். கையேட்டைத் திறந்து ஒரு வரியையும் காட்டினார். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை குறைவது இயல்பு என்று அச்சிட்டிருந்தது. அச்சில் இருப்பதோடு யார் வாதாடுவது? வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். இந்த என்ஜின் பிடிப்பது 4 லிட்டர் சொச்சம். அதே கையேட்டின்படி 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். அவர்கள் சொல்லும் 'இயல்பு' என் வண்டிக்கு வாய்த்தால், அடுத்த சர்வீஸுக்குப் பாதி வழிகூடப் போகாமல் என்ஜின் வறண்டிருக்கும். கையேட்டில் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அன்று நான் செய்த தவறு ஒன்று உண்டு. வண்டிக்கு என்ன வேலை என்று பதியும் ஜாப் கார்டில் "ஆயில் குறைகிறது" என்று எழுதச் சொன்னேன். அவர் "ஆயில் அளவு சரிபார்த்தல்" என்று தட்டச்சு செய்தார். படித்தேன், இரண்டும் ஒன்றுதானே என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது புகார், இரண்டாவது பராமரிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததைக் குறை சொல்ல முடியாதபடி நடத்தினார்கள். ஆயில் மாற்றி, மேல்கோடு வரை நிரப்பி, மூடிக்கும் குச்சிக்கும் கீழே வடிகால் போல்ட்டுக்கும் முத்திரை வைத்தார்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார்கள். போனேன். வடித்து அளந்தார்கள். 640 மில்லி குறைந்திருந்தது. "வரம்புக்குள்தான் இருக்கிறது சார்." அடுத்த முறை ஒரு படி கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தார்கள். அதற்கு ஒரு 1,000 கிலோமீட்டர். பிறகு என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வை மாற்றினார்கள். அதற்கும் ஒரு 1,000. ஒவ்வொரு நடவடிக்கையும் நியாயமானதுதான். மெக்கானிக் தொழிலில் செலவு குறைந்ததிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் இரண்டு சோதனைகளுக்கு நடுவில் உதிரிபாகம் வரவில்லை, மேலதிகாரி விடுப்பு, மென்பொருள் மாறுகிறது என்று மாதங்கள் கரைந்தன. மூன்றாவது சோதனையின் முடிவு 820 மில்லி. அந்தத் தாளை என் கையில் கொடுத்த நாளில் வாரண்டி முடிந்து 9 நாள் ஆகியிருந்தது.

கம்ப்ரஷனும் அளந்து காட்டினார்கள். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருந்தது. "என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது" என்று எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளை வெளியே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "அழுத்தத்தைப் பிடிப்பது பிஸ்டனைச் சுற்றி மேலே இருக்கும் இரண்டு ரிங் சார். ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது ரிங். அது செத்துப்போனாலும் இந்த மீட்டர் நல்ல எண்தான் காட்டும்" என்றார். ஒரு வருடமாக யாரும் சொல்லாததை அவர் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார்.

இனி என் பங்கு. கஞ்சத்தனமா சோம்பலா தெரியவில்லை, என்ஜினைத் திறக்கும் செலவுக்கு அஞ்சி, ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். டிக்கியில் எப்போதும் ஒரு கேன். ஒரு நீண்ட பயணத்தில், வளைவில் திரும்பும்போதெல்லாம் சிவப்பு ஆயில் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. ஆயில் குறைவு என்று அறிவிக்கும் விளக்கு என்றுதான் அதை நினைத்திருந்தேன். அளவைச் சொல்லும் விளக்கு அல்ல அது, அழுத்தத்தைச் சொல்லும் விளக்கு. குறைந்த ஆயிலோடு வளைவில் அது மின்னினால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். அந்த நொடியே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். நான் ஓரங்கட்ட வசதியான இடம் தேடி 6 கிலோமீட்டர் ஓட்டினேன். ஒன்றரை லிட்டர் ஊற்றினேன், விளக்கு அணைந்தது, நிம்மதியாகப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து அடியிலிருந்து ஒரு தட்டல். மரக்கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல. வேகம் கூட்டினால் தட்டலும் வேகமானது. மூன்றாவது நாள் சிக்னலில் அணைந்தது, மறுபடி சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரே சத்தம். சுழலவில்லை.

என்ஜினைத் திறந்தபோது பக்கத்தில் நின்றேன். மெக்கானிக் நான்கு பிஸ்டனையும் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். நல்ல ரிங்கை நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வரும் என்று வேறொரு பழைய பிஸ்டனில் காட்டினார். என்னுடையதில் மூன்றாவது ரிங், தான் உட்காரும் பள்ளமான காடியிலேயே கரியோடு ஒட்டி இறுகியிருந்தது. காடிக்குள் ஆயில் திரும்புவதற்கென்று பொடிப்பொடித் துளைகள் உண்டு. ஒரு துளையில் ஊசியை விட்டுக் குத்தினார். மிளகளவு கரிக்கட்டி உடைந்து தாளில் விழுந்தது. வழிக்கப்படும் ஆயிலுக்குப் போக வழியில்லை, மேலே ஏறி எரிந்திருக்கிறது. எரிந்தது கரியாகி இன்னும் இறுக்கியிருக்கிறது. அப்புறம், பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கை எடுத்தார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய மேற்பூச்சு தேய்ந்து, செம்பு நிறம் பளபளத்தது. ஒன்று தகடாக நசுங்கி ஓரத்தில் பிதுங்கியிருந்தது. "இது அந்த 6 கிலோமீட்டர்" என்றார் பேரிங்கைக் காட்டி. பிஸ்டனைக் காட்டி, "இது அவர்களுடையது." இவ்வளவு நியாயமாக ஒரு தீர்ப்பை நான் எங்கும் கேட்டதில்லை.

நிறுவனத்தின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: வாரண்டி முடிந்தது, உரிமையாளர் குறைந்த ஆயிலில் ஓட்டியிருக்கிறார், பொறுப்பில்லை. இங்கேதான் என் பழைய பழக்கம் ஒன்று கைகொடுத்தது. முதல் சோதனைக்குப் பிறகு ஊற்றிய ஒவ்வொரு ஊற்றலையும் தேதி, கிலோமீட்டர், அளவு, ரசீது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தேன். மூன்று சோதனைத் தாள்களும் இருந்தன. இரண்டில் வாரண்டிக்குள்ளான தேதி. குறை வாரண்டிக்குள் பிறந்தது, அதை நீங்களே அளந்திருக்கிறீர்கள் என்ற ஒரே வாதத்தைத் திருப்பித் திருப்பி எழுதினேன். பிஸ்டன் படங்களை அனுப்பினேன். அமெரிக்காவில் சுபாரு கார்கள் சிலவற்றில் ஆயில் குறையும் புகார் வழக்காகி, 2016இல் சமரசம் ஏற்பட்டு, 5 ஆண்டு அல்லது 60,000 மைலாக இருந்த என்ஜின் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீண்டதையும் குறிப்பிட்டேன். என் கார் அந்த நிறுவனத்துடையது அல்ல. வாரண்டித் தேதி கல்வெட்டல்ல என்று காட்டத்தான் எழுதினேன். அது எவ்வளவு உதவியதோ தெரியாது. நோட்டு உதவியது, அது உறுதி.

11 வாரம் கழித்து 'நல்லெண்ண அடிப்படையில்' புதிய ஷார்ட் பிளாக்கின், அதாவது பிஸ்டன்களோடு சேர்ந்த என்ஜினின் கீழ்ப்பகுதியின், விலையில் பாதியை ஏற்பதாக எழுதினார்கள். கூலி, கேஸ்கட், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் என் தலையில். "பொறுப்பை ஒப்புக்கொள்வதாகக் கருதக் கூடாது" என்று கடைசி வரி. முதல் ஜாப் கார்டில் நான் கேட்டபடி எழுதியிருந்தால், புகார் அன்றே புகாராகப் பதிவாகியிருக்கும். மீதிப் பாதியையும் கேட்டிருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது.

மதிப்பெண் என்றால், காருக்கு 5க்கு 3. இருக்கைக்காக ஒன்று கூடுதலாகவே கொடுத்திருக்கிறேன். சர்வீஸ் மையத்துக்கு 1, அதுவும் அந்த இளைஞரின் மரியாதைக்கு. யாராவது இந்தக் காரைப் பழையதாக வாங்கப் போகிறீர்களென்றால், மைலேஜ் கேட்பதற்கு முன் என்ஜின் ஆறியிருக்கும்போது குச்சியை உருவிப் பாருங்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள், மூலையில் ஆயில் கேன் வைத்த வட்டத் தடம் இருக்கிறதா என்று. என் டிக்கியில் அது இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.