கொலுசுப் பட்டறையில் இரண்டு செபங்கள்

நாளைக்காகக் கவலைப்படாதே என்று இயேசு மலைப்பொழிவில் சொன்னது நமக்கு மனப்பாடம். கவலைப்படாமல் எப்படி இருப்பது? இரண்டு வழிகளைப் பழகிப் பார்த்தேன்.

முதலாவது, 1691இல் இறந்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி காட்டியது. பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர், பிறகு செருப்புத் தைத்தவர். செப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசுவார். மனம் அலைந்தால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவார். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பை ஊதும்போது எனக்கு இது அப்படியே பொருந்துகிறது. அசந்தால் வெள்ளி உருகிவிடும். நாளைய கடன் தவணைக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை. நன்றி சொல்லி, அன்றைய நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, திருந்த உறுதி எடுப்பது. மதியமும் இரவும் செய்யச் சொன்னார். எனக்கு இரவில்தான் முடிகிறது, அதிலும் பாதி நாள் தூங்கிவிடுவேன்.

கடந்ததைப் பார்ப்பது நிகழ்காலத்தில் வாழ்வதாகுமா என்று முதலில் எனக்கும் சந்தேகம்தான். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பைக் ஓட்டும்போது எந்த வளைவில் பயந்தோம் என்று யோசிக்க முடியாது. மேலே போய் நின்றால்தான் தெரியும். அடுத்த முறை அங்கே நிதானமாகத் திரும்புவோம்.

கை வேலைக்காரர்களுக்கு லாரன்ஸ் போதும். மனத்தாங்கலைச் சுமந்துகொண்டே படுக்கிறவர் என்றால், சரி, இஞ்ஞாசியாரிடமிருந்து தொடங்கலாம்.