திருப்புளி தெரியாத தமிழாசிரியரும் ஆங்கி செயலியும்

மொரிஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். 2023 ஜூலையில், ஓய்வு பெற்ற கையோடு மதுரைக்குப் போயிருந்தேன். தங்கியிருந்த வீட்டில் கதவுக் கைப்பிடி ஆடிக்கொண்டே இருந்தது. நாமே முறுக்கிவிடலாமே என்று தெருமுனை இரும்புக் கடைக்குப் போய், "தம்பி, திருகாணி முறுக்கும் கருவி ஒன்று கொடுங்கள்" என்றேன். பையன் மேலும் கீழும் பார்த்தான். "ஸ்குரூ டிரைவரா சார்?" என்றான். ஆணி எடை போட்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "திருப்புளின்னு கேளுங்க" என்றார். ஆகுபெயர் பதினாறு வகையையும் தூக்கத்தில் ஒப்பிப்பேன். திருப்புளியைக் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் மொரிஷியஸ் தமிழர்களுக்கு இது புரியும். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தின் இடம் மாறிவிட்டது என்று 1998-இல் கொதித்தெழுந்து, அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த நோட்டை நீட்டி ஆணி வாங்கும்போது பேசுவது பிரெஞ்சு வழி வந்த கிரியோல். சுத்தியல் என்றால் மார்த்தோ, ரம்பம் என்றால் லாசி. சமையற்கட்டில் மட்டும் கொத்தமல்லி 'கொத்தோமிலி'யாகவும் முருங்கைக்கீரை 'பிரேத் முரூம்' ஆகவும் பீர்க்கங்காய் 'பிப்பங்காய்' ஆகவும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கருவிப்பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, அறுபது வயதில் கற்கத் தொடங்குவோம் என்று முடிவெடுத்தேன். முதலில் நோட்டுப் புத்தகம். நாற்பது சொற்கள் எழுதினேன், அதற்குப் பிறகு அந்த நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுத்து மகள் ஒரு பழக்கச் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தாள். பெயர் வேண்டாம். தினமும் தொட்டால் ஒரு தீப்பொறி கூடும், ஒரு நாள் விட்டால் எல்லாம் பூஜ்யம். பதினெட்டாம் நாள் காய்ச்சலில் படுத்தேன். எழுந்து பார்த்தால் பூஜ்யம். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவனுக்கு ஒரு போன் முட்டை போடுவதா? அன்றே அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் ஆங்கி, கேள்வி-விடைச் சீட்டுகளைக் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கும் செயலி. ஜப்பானிய மொழியில் 'மனப்பாடம்' என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்டது. கணினிக்கு இலவசம். ஆண்ட்ராய்டு போனுக்குத் தன்னார்வலர்கள் தனியாக உருவாக்கிய 'ஆங்கிடிராய்டு' உண்டு, அதுவும் இலவசம். ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரே ஒரு முறை ஏறத்தாழ 25 டாலர் கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது மகன் கழித்துப் போட்ட ஆண்ட்ராய்டு. அதில் தாராளமாக ஓடுகிறது, இணையமும் வேண்டாம்.

வேலை எளிது. சீட்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மனதுக்குள் விடை சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்த்து, நான்கு பொத்தான்களில் ஒன்றைத் தட்ட வேண்டும்: மறந்துவிட்டது, கடினம், சரி, மிக எளிது. நினைவிருந்தால் சீட்டு அடுத்து வரும் இடைவெளி நீளும்: சில நாள், சில வாரம், சில மாதம். மறந்தால் உடனே திரும்பி வரும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறக்கப்போகும் சமயம் பார்த்து நினைவுபடுத்து என்பதுதான் சாரம். அந்தச் சமயம் எது என்ற கணக்கைச் செயலி பார்த்துக்கொள்கிறது. 2023 இறுதியில் 'எஃப்எஸ்ஆர்எஸ்' என்ற புதுக் கணக்குமுறையும் சேர்ந்தது. அமைப்புகளில் போய் அதை இயக்கிக்கொள்ளுங்கள்.

பொத்தானில் நான் செய்த தவறு ஒன்று. சொல் நினைவுக்கு வராதபோதும் 'மறந்துவிட்டது' என்று தட்ட வெட்கப்பட்டு 'கடினம்' என்று தட்டிக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு யாருமில்லாத அறையில், வாத்தியார் கௌரவம்! 'கடினம்' என்றால் திணறியாவது விடை சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். நான் பொய் சொல்ல, செயலி அதை நம்பி இடைவெளியை நீட்டிக்கொண்டே போனது.

இதைவிடப் பெரிய தவறு எண்ணிக்கையில். நிறுவியவுடன் ஒரு நாளைக்கு 20 புதுச் சீட்டுகள் என்றுதான் இருக்கும். அப்படியே விட்டேன். முதல் வாரம் உற்சாகம். மூன்றாம் வாரம் காலையில் போனைத் திறந்தால் நூற்றைம்பது சீட்டுகள் காத்திருந்தன. புதிதாகச் சேர்ப்பதைப் போல ஏழெட்டு மடங்கு பழையது தினமும் திரும்பி வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்: ஐந்து போதும். நான் இப்போது மூன்றில் இருக்கிறேன். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இனி சீட்டு எழுதுவது பற்றி. யாரோ தொகுத்து வைத்த ஆயிரம் சொற்களை முதலில் இறக்கிக்கொண்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. 'கீல்' என்று ஒரு பக்கம், அதன் ஆங்கிலம் மறுபக்கம், அவ்வளவுதான். அதை நீக்கிவிட்டு, எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு கிறீச்சிடும் இடத்தைப் படமெடுத்து, "இங்கேதான் எண்ணெய் விட வேண்டும், எதில்?" என்று முன்பக்கம் எழுதினேன். கீல் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து எல்லாச் சீட்டும் என் வீட்டுப் படம்தான். தாழ்ப்பாள், கொக்கி, சல்லடை, ஒட்டடைக் குச்சி. கறிவேப்பிலைச் செடியின் கீழ் வெட்டிய பாத்தி. வீட்டைச் சுற்றிப் போனோடு குனிந்து குனிந்து படம் எடுப்பதைப் பார்த்து, வீட்டை விற்கப் போகிறேனோ என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் மனைவியிடம் விசாரித்தாராம்.

உச்சரிப்புக்கு மதுரை நண்பர் ஒருவர் உதவுகிறார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், பள்ளி ஆசிரியர். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார், அதைச் சீட்டின் பின்பக்கம் ஒட்டிவிடுவேன். "அண்ணே, அரிவாள்மணைன்னு எழுதுங்க, அருவாமனைன்னு சொல்லுங்க" என்பார். 'மரை' என்ற சொல்லுக்குப் பதிவு கேட்டபோது, "மரை கழண்டு போச்சுன்னு ஒரு வழக்கும் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னைத்தான் சொல்கிறாரோ என்று சந்தேகம். இருந்தாலும் சீட்டில் சேர்த்துக்கொண்டேன்.

இவ்வளவும் நன்றாகச் செய்கிற செயலி, ஒரு வேலையை மட்டும் செய்யாது: உங்களைத் தினமும் வந்து உட்கார வைக்காது. நினைவூட்டல் ஒலியை வைத்துப் பார்த்தேன், இரண்டாம் வாரமே காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கைகொடுத்தது தேநீர்க் கெட்டில். காலையில் கெட்டிலைப் போட்டதும் சமையற்கட்டு முக்காலியில் உட்கார்ந்து போனைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். நாற்பது வருஷமாகத் தேநீரை மறந்ததில்லை, அதன் முதுகில் இதை ஏற்றிவிட்டேன். ஆனாலும் யோசிக்காமல் கை போனுக்குப் போக நவம்பர் ஆகிவிட்டது, அதாவது மூன்று மாதம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று குழம்பியதுண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லல்லியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் பிறகு படித்தேன். 2010-இல் அச்சானது. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை. எனக்குப் பெரிய ஆறுதல் வேறொரு வரி: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது கெட்டுவிடவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அந்தத் தீப்பொறிச் செயலியைச் செய்தவர்கள் இதைப் படிக்கவில்லை போலும்.

எனக்கு இது சோதித்துப் பார்க்கக் கிடைத்தது 2024 ஜனவரியில். 15-ஆம் தேதி, பொங்கலன்று, பெலால் புயல். தலைநகர் போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்தன. ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் மின்சாரம் போய், போனும் செத்தது. அதே வாரம் காவடி விரதமும் தொடங்கிவிட்டது. கோயில், பூஜை, 25-ஆம் தேதி காவடி. பதினொரு நாள் கழித்துத்தான் ஆங்கியைத் திறந்தேன். 143 சீட்டுகள். தீப்பொறி அணைந்த கதையெல்லாம் இல்லை, குவியல் மட்டும் இருந்தது. புதுச் சீட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு, நாளுக்கு முப்பது வீதம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்தில் குவியல் கரைந்தது. மறந்திருந்தது நான் பயந்த அளவுக்கு இல்லை.

குறை சொல்லாமல் மதிப்புரை ஏது? அமைப்புகள் பக்கம் ஓய்வூதிய விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும், முதல் நாள் பக்கத்தில் ஒரு இளம்பிள்ளை வேண்டும். சீட்டு எழுதச் சோம்பல் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. அப்புறம், சொல் தெரிவதால் பேச்சு வந்துவிடாது. பேச ஆள் வேண்டும். எனக்கு மதுரைத் தம்பி இருக்கிறார். இல்லாதவர்கள் முதலில் அப்படி ஒருவரைத் தேடுங்கள், பிறகு செயலியை இறக்குங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

இன்று என் பெட்டியில் ஏறத்தாழ 1,400 சீட்டுகள். எட்டு முறை மறந்த சீட்டுக்கு 'அட்டை' என்று முத்திரை குத்தி, அமைப்பைப் பொறுத்து செயலி அதை ஒதுக்கியும் வைக்கும். ரத்தம் உறிஞ்சும் அட்டைதான். என் பெட்டியில் ஒதுக்கப்பட்டவை இரண்டு: திருப்புளி, இழைப்புளி. இரண்டும் 'புளி' என்று முடிவதால் ஒன்று மற்றதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது. போன வாரம் இரண்டையும் அழித்துவிட்டு, தச்சர் ஒருவர் பலகை இழைப்பதைப் படமெடுத்து வந்து ஒரு சீட்டு, மதுரையில் வாங்கி வந்த அந்த ஸ்குரூ டிரைவரைப் படமெடுத்து இன்னொரு சீட்டு எழுதினேன். முதல் சீட்டு நாலு நாளாக நிற்கிறது. இரண்டாவதை இன்று காலை கூட, கெட்டில் விசிலடித்துக்கொண்டிருக்கும்போது, 'மறந்துவிட்டது' என்றுதான் தட்டினேன்.