நிஹிலிஸ்டா, கார்னேஜா?

கையில் இருந்த காசுக்கு ஒரு சிடிதான் வாங்க முடியும். ஒரு பக்கம் நிஹிலிஸ்ட் என்ற பேண்டின் டெமோக்களை, அதாவது ஆல்பத்துக்கு முன்னால் மாதிரிக்காகப் பதிந்து கேசட்டில் சுற்றுக்கு விட்டவற்றை, சேர்த்து 2005இல் வந்த ‘நிஹிலிஸ்ட் (1987–1989)’. இன்னொரு பக்கம் கார்னேஜ் என்ற பேண்டின் ஒரே ஆல்பமான ‘டார்க் ரிகலெக்‌ஷன்ஸ்’. இரண்டுமே ஸ்வீடனில் டெத் மெட்டல் என்கிற, உறுமல் குரலும் கனத்த கிட்டாருமான இசை வேர்பிடித்த காலத்துச் சரக்கு. இரண்டு பேண்டும் இரண்டு மூன்று வருடத்துக்குள் கலைந்துபோனவை. மூன்று வாரம் யோசித்து நிஹிலிஸ்டை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து கார்னேஜும் பழைய சிடியாகக் கிடைத்தது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுநிலையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

யார் யார் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நிஹிலிஸ்ட் ஸ்டாக்ஹோம் பையன்கள். டிரம்ஸ் வாசித்த நிக்கே ஆண்டர்சன்தான் பெரும்பாலான பாடல்களுக்கு மூளை. 1989இல் பேஸ் வாசித்த ஜானி ஹெட்லுண்டோடு தொடர மற்றவர்களுக்கு விருப்பமில்லை. ‘நீ வேண்டாம்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் பேண்டையே கலைத்துவிட்டு, சில நாள் கழித்து மிச்சப் பேர் என்டூம்ட் என்ற பெயரில் கூடிக்கொண்டார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த வயதில் நாமும் அப்படித்தான் செய்திருப்போம். ஹெட்லுண்டும் சும்மா இருக்கவில்லை, அன்லீஷ்ட் என்ற பேண்டைத் தொடங்கினார். அதுவும் இந்த இசையின் பெரிய பெயர்களில் ஒன்றாகிவிட்டது.

கார்னேஜ் மைக்கேல் அமாட் தொடங்கியது. டிஸ்மெம்பர் என்ற பேண்ட் கொஞ்ச காலம் கலைந்திருந்தபோது அங்கிருந்து டிரம்மர் ஃப்ரெட் எஸ்ட்பியும் கிட்டாரிஸ்ட் டேவிட் பிளோம்குவிஸ்டும் இங்கே வந்தார்கள். ஆல்பத்தில் பாடியவர் மாட்டி கார்கி. 1990இல் ஆல்பம் கடைக்கு வந்தபோது பேண்டே இல்லை. அமாட் இங்கிலாந்தின் கார்கஸ் பேண்டுக்குப் போனார், மற்ற மூவரும் டிஸ்மெம்பரை மறுபடி எழுப்பினார்கள். ஆல்பத்தை வெளியிட்ட நெக்ரோசிஸ் என்ற லேபிளை நடத்தியவர்களும் கார்கஸ்காரர்கள்தான். சிடியில் முதலில் அது தனியாகக்கூட வரவில்லை, நார்வேயின் கடாவர் பேண்டோடு ஒரே தட்டில் வந்தது.

சரி, ஒலிக்கு வருவோம். இதில் கார்னேஜ் ஜெயிக்கிறது, பேச்சே இல்லை. ஸ்டாக்ஹோமில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெரி நடத்திய சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது. ஆல்பம் என்று நினைத்தே வாசித்திருக்கிறார்கள். ‘டெரேஞ்ட் ஃப்ரம் பிளட்’ மாதிரி ஒரு பாட்டை இந்த இசையே தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினாலும், அதிலுள்ள கனம் உடனே பிடிபடும். நிஹிலிஸ்ட் அப்படி இல்லை. டெமோவுக்கு டெமோ ஒலி மாறுகிறது. முதல் மூன்று பாட்டு மெலிந்து கேட்கும் என்று வால்யூமைக் கூட்டி வைத்தால், நான்காவது பாட்டில் எழுந்து ஓடிப்போய்க் குறைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏன் நிஹிலிஸ்ட்? அதற்கு எதிராக எல்லாரும் சொல்கிற குறைதான் எனக்குக் காரணம்.

குறை இதுதான்: அந்தப் பாடல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. 1988இன் ‘ப்ரிமெச்சூர் ஆட்டாப்சி’ டெமோவில் மூன்று பாட்டு, 1989இன் ‘ஒன்லி ஷ்ரெட்ஸ் ரிமெய்ன்’ டெமோவில் மூன்று பாட்டு. இந்த ஆறில் ‘சப்போஸ்ட் டு ராட்’, ‘கார்னல் லெஃப்ட்ஓவர்ஸ்’, ‘அப்நார்மலி டிசீஸ்ட்’, ‘ரெவல் இன் ஃப்ளெஷ்’ ஆகிய நான்கும் என்டூம்டின் முதல் ஆல்பமான ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ சிடியில் நல்ல ஒலியோடு இருக்கின்றன. ‘சென்டன்ஸ்ட் டு டெத்’, ‘ஃபேஸ் ஆஃப் ஈவில்’ என்ற இரண்டுதான் மிச்சம். அந்த ஆல்பம் வீட்டில் இருக்கும்போது டெமோ எதற்கு, ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை காசா என்று கேட்பார்கள். கார்னேஜில் அந்தத் தொல்லை குறைவு. ‘டெத் எவோகேஷன்’ போல ஓரிரண்டு பாட்டை டிஸ்மெம்பர் மறுபடி பதிவு செய்தது. மற்றவற்றுக்கு இந்த ஒரே ஆல்பம்தான்.

கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஒரு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ‘ரெவல் இன் ஃப்ளெஷ்’ பாட்டை டெமோவில் ஒரு தடவை, ஆல்பத்தில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். அதே சன்லைட், அதே ஸ்கோக்ஸ்பெரி, அதே நிக்கே ஆண்டர்சன். நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம்தான். ஆல்பத்தில் கிட்டார் இரண்டு காதுக்கும் பிரிந்து சுவர் மாதிரி நிற்கிறது, டிரம்ஸுக்குத் தனி இடம் கிடைத்திருக்கிறது. டெமோவில் கிட்டார் யாருக்கும் இடம் விடுவதில்லை. ஈர மரத்தை மில்லில் வாளில் கொடுத்தால் ஒரு கரகரப்பு வருமே, அது அறை முழுக்க நிரம்பியிருக்கிறது. டிரம்ஸ் அதற்குப் பின்னாலிருந்து தட்டிக் கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது.

அந்தக் கரகரப்புக்குக் காரணம் ஒரு சின்ன டப்பா. பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல், அதாவது கிட்டார் ஒலியைக் கரடுமுரடாக்கக் காலால் அழுத்தும் கருவி; கருப்பு உடல், மேலே நான்கு குமிழ். எண்பதுகளின் பளபளப்பான ஹெவி மெட்டல் கிட்டார் ஒலியைக் கொடுக்கத்தான் அதைச் செய்தார்கள். இந்தப் பையன்கள் நான்கு குமிழையும் வலது கோடிவரை திருகிவிட்டார்கள். செய்தவர்களே நினைத்துப் பார்க்காத ஒரு சத்தம் வந்தது. ஸ்வீடன் டெத் மெட்டல் என்றால் உலகமே இன்று அந்தச் சத்தத்தைத்தான் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பங்கள் பேர் வாங்கிக்கொண்டிருந்த 1991இல் பாஸ் அந்தப் பெடல் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பிறகு பழைய பெடலுக்கு அடிதடி நடந்து, 2020இல்தான் வாசா கிராஃப்ட் என்ற தன் உயர்தரப் பெடல் வரிசையில் மறுபடி கொண்டுவந்தது.

முதல் டெமோவில் இந்தச் சத்தம் இன்னும் முழுசாக இல்லை. வேகம் இருக்கிறது, வெறி இருக்கிறது, கிட்டார் மட்டும் ஊரில் எல்லாரும் வாசிப்பது போலத்தான். இரண்டாவது டெமோவின் முதல் பாட்டு ‘அப்நார்மலி டிசீஸ்ட்’ தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. நான் எழுந்து வால்யூமைக் குறைக்கிற இடமும் அதுதான். இந்த ஒலியைக் கண்டுபிடித்தவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் கிட்டாரிஸ்ட் லெய்ஃப் குஸ்னர். அவர் 1989இலேயே கனடாவுக்குப் போய்விட்டார். ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தில் அவர் இல்லை. 2006இல் இறந்தும்போனார். அந்தச் சத்தத்துக்குப் பெயர்போன மனிதரின் கையைக் கேட்க வேண்டுமானால் இந்த டெமோக்களை விட்டால் வேறு வழி கிடையாது. பாட்டு இரண்டு தடவை இருக்கலாம், ஆனால் வாசித்த கை வேறு. எனக்கு இந்த ஒரு விஷயத்தோடு தராசு சாய்ந்துவிட்டது.

கார்னேஜைக் கேட்கும்போது அந்தச் சத்தம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. யாரோ சமைத்து வைத்ததை இவர்கள் நன்றாகப் பரிமாறுகிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சமையலிலும் இவர்களுக்குப் பங்கு உண்டுதான். 2000இல் வந்த மறுபதிப்பில் கார்னேஜின் டெமோக்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆக, வளர்ந்த கதையைக் கேட்கும் ஆசைக்கு அங்கேயும் கொஞ்சம் தீனி இருக்கிறது. நான் கேட்டது அந்தப் பதிப்பை மட்டுமே. அன்று கைக்குக் கை மாறிய மூலக் கேசட்டுகளை, இரண்டு பேண்டுக்கும் சேர்த்துத்தான், நான் தொட்டதுகூட இல்லை. ஆகவே ‘கேசட்டில்தான் உயிர் இருக்கிறது’ என்பவர்களோடு வாதாட மாட்டேன். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் இரண்டு சிடியையும் விட்டுவிட்டு அந்தக் கேசட்டுகளைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று, ஒரே மூச்சில் கேட்பதென்றால் கார்னேஜ் சுகம். ஆல்பப் பாட்டுகள் அரை மணியை ஒட்டி முடிந்துவிடும், எழுந்து வால்யூமைத் திருக வேண்டாம். பாத்திரம் கழுவும்போது நான் போடுவது அதுதான். நிஹிலிஸ்டை உட்கார்ந்துதான் கேட்க முடிகிறது, அதுவும் பக்கத்தில் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ இருந்தால்தான் ருசி. அந்த ஆல்பம் இன்னும் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள், அடுத்து நிஹிலிஸ்ட். நடுவில் எங்காவது கார்னேஜ் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். பழைய சிடி என்றால் உள்தாள் முழுசாக இருக்கிறதா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. வந்து பிரித்துப் பார்த்தால் நடுப்பக்கத்தைக் காணோம், இரண்டு பின் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.