செத்த பாஸ் 2, போன பணம் ₹18,400

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கும், ராத்திரி முழுக்க அதை விளையாடும் அண்ணன் தம்பி வீட்டில் இருப்பவர்களுக்கும் இது. பலர் சேர்ந்து ‘பாஸ்’ என்கிற பெரிய அரக்கர்களை வரிசையாக அடிப்பதுதான் ரெய்டு. பணம் வாங்கிக்கொண்டு ஆளை ரெய்டுக்குத் தூக்கிப் போகும் ‘கேரி’ கடை ஒன்று என்னிடம் ₹18,400 வாங்கியது. 8 பாஸையும் அடித்துத் தருகிறோம் என்றது. 2 பாஸ் முடிந்ததும் என்னைக் குழுவிலிருந்து நீக்கி வெளியே தள்ளியது. நடந்தது முந்தாநாள் ராத்திரி. கடையின் பெயரைப் போடவில்லை. சட்டை மாற்றுகிற மாதிரி பெயர் மாற்றுகிறவர்கள். பெயர் தெரிந்து ஒன்றும் ஆகாது. எப்படிப் பேசுவார்கள், நாம் எந்த இடத்தில் விழுவோம் என்பதுதான் தெரிய வேண்டும். ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஐரோப்பிய சர்வரில் விளையாடுகிறேன். கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் எங்கள் சங்கத்தில், என்னைத் தவிர எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ராத்திரி 8 மணி என்றால் நமக்குக் கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30. வாரத்தில் இரண்டு நாள் ரெய்டு, மறுநாள் காலை சிவந்த கண்ணோடு ஆபீஸ். ஆறு வருஷமாக என் கேரக்டர் ப்ரீஸ்ட், அதிலும் அடிபட்டவர்களுக்கு ரத்தம் ஏற்றும் ஹீலர். ரெய்டில் ஹீலர் என்பவர் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. எல்லாம் சரியாக நடந்தால் யாரும் பெயரைச் சொல்ல மாட்டார்கள். உப்பு குறைந்தால்தான் தேடுவார்கள்.

போன மாதம் எங்கள் டேங்குக்கு, முன்னால் நின்று பாஸின் அடியை வாங்குகிறவருக்கு, குழந்தை பிறந்தது, அவர் விலகிக்கொண்டார். உன்னிடம்தான் பாலடின் என்று இன்னொரு கேரக்டர் இருக்கிறதே, டேங்காக மாறிக்கொள்கிறாயா என்று கில்ட் தலைவர் என்னிடம் கேட்டார். எனக்கும் ஆசைதான். எத்தனை வருஷம்தான் பின்னால் நின்று மற்றவர்களின் ரத்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருப்பது? ஆனால் என் பாலடினின் ஐட்டம் லெவல், அதாவது மாட்டியிருக்கும் கியரின் (ஆயுதம், கவசம்) தரம், 662. குறைந்தது 690 இருந்தால்தான் நார்மலைவிடக் கடினமான ஹீரோயிக்கில் முன்னால் நிற்கலாம், மூன்று வாரம் டைம் என்றார்.

ஆல்ட் எனும் இரண்டாவது கேரக்டரை வளர்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். 2024இல் வார்பேண்ட் என்ற வசதி வந்ததிலிருந்து ஒரே அக்கவுண்ட்டில் இருக்கும் கேரக்டர்கள் பொதுவாக ஒரு பேங்க் வைத்துக்கொள்ளலாம். உடம்பில் மாட்டுகிற கியர் மட்டும் அவரவருடையது. ப்ரீஸ்ட் துணி போடுகிறவர், பாலடின் இரும்பு போடுகிறவர். ஒருவர் சட்டை மற்றவருக்கு ஆகாது. ஒரே நல்ல விஷயம், ரெய்டு லாக்அவுட், அதாவது வாரத்துக்கு ஒரு தடவை என்ற கட்டுப்பாடு, ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனி. ப்ரீஸ்ட் அந்த வாரம் எல்லா பாஸையும் முடித்திருந்தாலும் பாலடினை எடுத்துக்கொண்டு புதிதாகப் போகலாம். கூட்டிப் போக ஆள் வேண்டும், அதுதான் பிரச்சினை. குழு தேடும் பட்டியலில் ஒரே நேரத்தில் 5 குழுவுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். ஐந்தையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொன்றாக ‘இல்லை’ என்று வரும். மறுபடி ஐந்து. ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன்: 43. வேலை தேடிய காலத்தில்கூட நான் இத்தனை நிராகரிப்பு வாங்கியதில்லை.

அப்படி அதிசயமாகச் சேர்த்துக்கொண்ட ஒரு நார்மல் ரெய்டில்தான் அந்தப் பையன் கிடைத்தான். குழு மொத்தமும் வைப் ஆகி, அதாவது எல்லோரும் செத்து விழுந்ததும், என் கை தானாக சாட்டில் ‘ஐயோ’ என்று அடித்துவிட்டது. உடனே ஒரு விஸ்பர், எனக்கு மட்டும் வரும் செய்தி: “அண்ணா, தமிழா?”

ஐரோப்பிய சர்வர், ராத்திரி இரண்டு மணி, முன்பின் தெரியாத இருபது பேர். அதில் ஒருத்தன் அண்ணா என்கிறான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ₹18,400 கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மதுரைப் பக்கம் என்றான். வாரியர் டேங்க். நன்றாக விளையாடுவான், அதை இப்போதும் மறுக்க மாட்டேன். இரண்டு வாரம் தினமும் சேர்ந்து டன்ஜன் (ரெய்டைவிடச் சின்னது) போனோம். எந்த அடிக்கு எந்தத் தற்காப்புத் திறனைப் போட வேண்டும், இன்னொரு டேங்கிடமிருந்து பாஸை எப்போது டான்ட் அடித்து என் பக்கம் இழுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். என்னிடம் ஃபிளாஸ்க் (பலம் தரும் மருந்து) தீர்ந்துபோனால் கேட்காமலே எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் பேச்சுவாக்கில், ஒரு கேரி டீமில் இருக்கிறேன் என்றான். நான்தான் வாயைத் திறந்து விலை கேட்டேன். அவனாக விற்கவே இல்லை. இந்தத் தொழிலில் அதுதான் சாமர்த்தியம் போல.

மானாஃபோர்ஜ் ஒமேகா என்ற ரெய்டு, ஹீரோயிக்கில், 8 பாஸும். விழுகிற இரும்புக் கியர் மொத்தமும் எனக்கு. மற்றவர்களுக்கு ₹20,000, “அண்ணாவுக்கு” ₹18,400. பாஸ்வேர்டு வேண்டாம்ணா, நீங்களே விளையாடுங்கள் என்றான். பணம்கூட இப்போது வேண்டாம், முதலில் பாருங்கள் என்று ஸ்கிரீனில் ஒரு ரெய்டை நேரலையாகக் காட்டினான். கடைசி பாஸ் டைமென்ஷியஸ் செத்து விழுகிறது, காசு கொடுத்தவர் பிணமாகத் தரையில் கிடந்தபடியே சாட்டில் நன்றி சொல்கிறார். பாஸ்வேர்டு கேட்காதவன் எப்படித் திருடனாக இருப்பான் என்று நினைத்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு வந்த புத்தி இது.

பாதி முன்பணம் ₹9,200. மிச்சம் முடிந்த பிறகு என்றுதான் பேச்சு.

ராத்திரி ஒரு மணிக்கு இன்வைட் வந்தது. ரெய்டு வாசலில் இருபது பேர் குதிரையிலும் டிராகனிலும் நிற்கிறார்கள். வாய்ஸ் சாட்டில் அவன் குரல்: “அண்ணா, லீடர் முழுசும் வந்தாத்தான் உள்ளே போவோம்ங்கறார். இருபது பேரும் நிக்கிறாங்கணா.” பக்கத்து அறையில் மனைவியும் மகளும் தூங்குகிறார்கள். மொபைல் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின் நம்பர் போட்டேன். இன்னொரு ₹9,200. யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்கு, கடைப் பெயர்கூட வரவில்லை. இருபது பேரைக் காக்க வைக்கிறோமே என்ற சங்கடத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

உள்ளே போனதும் ஒரு கட்டளை. பாஸ் செத்து லூட், அதாவது பொருள், விழுந்தால் எல்லாவற்றையும் ‘வேண்டாம்’ என்று விட்டுவிட வேண்டுமாம். அவர்களுடைய ஆட்கள் ‘நீட்’ (எனக்கு வேண்டும்) போட்டு வாங்கி, கடைசியில் மொத்தமாக என்னிடம் தருவார்களாம். இது நம்பக்கூடியதுதான். விழுந்த பொருளை 2 மணி நேரத்துக்குள், அப்போது குழுவில் இருந்த இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க விளையாட்டிலேயே வழி இருக்கிறது. முதல் பாஸ் பிளெக்சஸ் சென்டினல் செத்தது, நான் பாதியிலேயே செத்துக் கிடந்தேன். இரண்டாவது பாஸ் லூமிதார் செத்தது. எனக்கு ஆகிற கியர் இரண்டு விழுந்தது, சொன்னபடி இரண்டையும் வேண்டாம் என்று அழுத்தினேன். அழுத்திய விரல் இதுதான்.

மூன்றாவது பாஸுக்கு நடந்துகொண்டிருக்கும்போது ரெய்டு பட்டியல் மறைந்தது. திரையின் நடுவில் எண்கள்: 60, 59, 58. குழுவில் இல்லாதவரை விளையாட்டு ஒரு நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடும். நெட் போய்விட்டது, அதனால்தான் இப்படி என்று நினைத்து மாடத்தில் இருக்கும் மோடத்தைப் போய்ப் பார்த்தேன். நான்கு விளக்கும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன. திரும்பி வரும்போது என் பாலடின் வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் கேவலம்.

முதலில் பையன். “அண்ணா உங்க பிங் அதிகம், டிஸ்கனெக்ட் ஆயிட்டீங்க, லீடர் கோவிச்சுக்கிட்டார்.” மறுபடி இன்வைட் போடச் சொல் என்றேன். கேட்கிறேன் என்றான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த 2 மணி நேரம் ஓடுகிறது. நாற்பது நிமிஷம் கழித்து, டிக்கெட் போடுங்கள் என்று ஒரு லிங்க் வந்தது. போட்டேன். மேனேஜர் ஐரோப்பிய நேரப்படிதான் வருவார் என்று பதில் வந்தது. ஐரோப்பாவில் அப்போது ராத்திரி பத்தரைதான், அதுதான் அவர்கள் கடை களைகட்டும் நேரம். விடிகாலை நான்கு மணிக்கு மேனேஜர் என்று ஒருவர் வந்தார். 8இல் 2 பாஸ் முடிந்தது, ஆகவே கால் பங்கு சேவை கொடுத்தாகிவிட்டது என்றார். என் கேரக்டர் அவர்கள் ரெய்டு ஐடியில் பூட்டிக்கொண்டுவிட்டதாம், இந்த வாரம் வேறு எவரோடும் போக முடியாதாம், அடுத்த வாரம் வர வேண்டுமென்றால் ‘ஸ்லாட் கட்டணம்’ ₹4,000.

ஆறு வருஷம் ரெய்டு போனவனிடம் இதைச் சொல்கிறான்! ஹீரோயிக்கில் அப்படி ஒரு பூட்டே கிடையாது. அடித்த பாஸிடம் அந்த வாரம் மறுபடி லூட் கிடைக்காது, அவ்வளவுதான். மிச்சம் 6 பாஸுக்கு யாரோடு வேண்டுமானாலும் போகலாம். இதை எழுதி அனுப்பினேன். டிக்கெட் மூடப்பட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் மூடப்பட்டது. மூன்றாவது தடவை என்னைத் தடுத்துவிட்டார்கள். கீழே ஒரு தானியங்கிச் செய்தி: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

பையனிடம் கடைசியாகக் கேட்டேன், தம்பி, என்னப்பா இது? “அண்ணா நான் வெறும் அட்வர்டைசர்தாணா, எனக்குக் கமிஷன்தான், ரெய்டு டீமை எனக்கே தெரியாது.” இரண்டு வாரம் சொந்தத் தம்பி மாதிரி பேசியவனுக்கு ஒரே ராத்திரியில் டீமே தெரியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் பதில் இல்லை.

நேற்று பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். ஒரு கேம் மேடம், அதில் பெரிய பாஸ் இருக்கும், இருபது பேர் சேர்ந்து அடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் பென்ஷன்காரர்கள். அவர் குரலைத் தாழ்த்தி, “பையன் பண்ணினதா சார்?” என்றார். ஆமாம் என்றேன். எனக்குப் பையன் கிடையாது.

விளையாட்டு நிறுவனத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? நிஜப் பணத்துக்கு ரெய்டு வாங்குவதே விதிப்படி தப்பு. இப்படிப் பல சர்வர்களில் கடை விரிக்கும் பூஸ்டிங் கூட்டங்களை, விலையாகக் கேம் கோல்டு (விளையாட்டுக்குள் இருக்கும் பணம்) வாங்கினாலும் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். புகார் கொடுத்தால் முதலில் என் அக்கவுண்ட்டைத்தான் பார்ப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டின கதை. வாங்கினவன் வாயைத் திறக்க மாட்டான் என்று தெரிந்துதான் ₹18,400ஐ இவ்வளவு தைரியமாக அமுக்குகிறார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மணி 12:20 ஆகிவிட்டது, கில்ட் ரெய்டு ஆரம்பிக்கப் போகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிஜப் பணம் கேட்டால் போகவே போகாதீர்கள், தமிழில் கேட்டாலும். கேரி வேண்டியே ஆக வேண்டும் என்றால், உங்கள் சர்வரில் இருக்கும் கில்ட் ட்ரேட் சேனலில் கேம் கோல்டுக்குக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள், அதற்கு விதியில் இடமுண்டு. கோல்டு இல்லையென்றால் 2015இலிருந்து நிறுவனமே நிஜப் பணத்துக்கு விற்கும் டோக்கன் இருக்கிறது, அதை வாங்கி விளையாட்டுக்குள்ளேயே கோல்டுக்கு விற்கலாம். ரெய்டு வாசலில் நிற்கவைத்து மிச்சப் பணம் கேட்டால் அங்கேயே விளையாட்டை மூடிவிட்டு வெளியே வாருங்கள், யார் காத்திருந்தாலும் சரி. லூட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் அடியுங்கள். நான் ஒரு நாள் கழித்துத்தான் அடித்தேன், ஒரு புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

பாலடின் இன்னும் 662இல்தான் நிற்கிறது. தலைவரிடம் ஆல்ட் தயாராகவில்லை என்று மட்டும் சொன்னேன், பரவாயில்லை என்று சொல்லி வேறு டேங்க் பிடித்துவிட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இன்வைட் வந்துவிட்டது, ப்ரீஸ்டில் போகிறேன்.