பெரிய படகா, சிறு கயாக்குகளா: ஒரு தன்னார்வத் துடுப்புக் கழகத்துக்கு எது பொருந்தும்?

துடுப்புக் கழகம் தொடங்குவோர் எந்தப் படகை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் கையிருப்பைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் சம்பளம் பெறுபவர் ஒருவர்கூட இல்லாத கழகத்தில், வேலை யார் தலையில் விழும், வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் இருப்பார்கள் என்பவற்றையும் படகின் வகையே பெருமளவில் தீர்மானிக்கிறது. பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீண்ட டிராகன் படகையும், ஒருவர் மட்டும் அமர்ந்து துடுப்புப் போடும் குறுகிய சிறு படகுகளான ஒற்றையர் கயாக்குகளையும் அந்தக் கோணத்தில் இங்கே ஒப்பிடுகிறேன்.

வழக்கமான டிராகன் படகு ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடையது. இருவர் இருவராகப் பத்து வரிசைகளில் 20 பேர் துடுப்புப் போட, முன்னால் முரசடிப்பவரும் பின்னால் சுக்கான் பிடிப்பவருமாக மொத்தம் 22 பேர் அதில் ஏறுகிறார்கள். நீச்சலில் அச்சமுள்ளவரும், விளையாட்டையே அறியாதவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து முதல் நாளே நடுவரிசையில் அமர்ந்து, முன்னிருப்பவரின் கையைப் பார்த்துத் துடுப்பை இறக்கலாம். ஒருவர் வராவிட்டால் அவருடைய இடம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. பக்கத்தில் அமர்பவர் அன்று மாலையே விசாரிக்கிறார். படகு கவிழ்ந்தால் அருகிலிருப்பவரை முதலில் தேட வேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடுகூட, நாளடைவில் கரையிலும் தொடரும் உறவாகிவிடுகிறது. 1996-இல் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கென்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் பயிற்றுவித்தார். கைகளுக்குக் கடும் உழைப்புக் கொடுத்தால் நிணநீர் வீக்கம் உண்டாகும் என்ற அச்சத்தைச் சோதிப்பதே அவருடைய நோக்கம். அந்த அச்சம் மெய்ப்படவில்லை. மருத்துவக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் அத்தகைய அணிகள் பல நாடுகளில் பெருகியதற்கு, ஒரே படகில் அமரும் அந்தப் பிணைப்பும் காரணம் என்றே கருதுகிறேன்.

அதே பிணைப்பு சுமையாகவும் மாறும். இருபது இருக்கைகளுக்குப் பதினொரு பேர் வந்தால் இடவலச் சமநிலையும் எடைப் பங்கீடும் குலைந்து, பயிற்சி பெயரளவில் நடக்கிறது; வந்தவர்களுக்கு வராதவர்கள் மேல் எரிச்சல் பிறக்கிறது. அதைவிடக் கடியது சுக்கான் பிடிப்பவரின் நிலை. அவர் ஒருவர் வராவிட்டால் 20 பேரும் கரையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, காய்ச்சலானாலும் உறவினர் திருமணமானாலும் அவரே வந்து நிற்கிறார். ஓரிரு ஆண்டுகளில் சலித்து ஒருநாள் சொல்லாமலே விலகிவிடுகிறார். இத்தகைய கழகங்கள் பணத்தட்டுப்பாட்டால் மூடப்படுவதைவிட, அந்த ஒருவர் விலகுவதால் முடங்குவதே அதிகம் என்பது என் எண்ணம்.

கயாக்கின் கதை வேறு. பந்தயக் கயாக் ஏறத்தாழ 12 கிலோ எடையே உள்ளது என்பதால், ஒருவரே அதைத் தோளில் தூக்கிச் சென்று நீரில் இறக்கலாம். எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பணிநேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும், தனித்திறனை வளர்க்க விரும்புவோருக்கும் இதுவே ஏற்றது. ஆனால் புதியவரை அவ்வளவு எளிதாக ஏற்றிவிட முடியாது. கவிழ்ந்தால் படகிலிருந்து வெளியேறுவது, நீரை வடிப்பது, மீண்டும் ஏறுவது ஆகியவற்றை அவர் முதலில் கற்க வேண்டும். அமைதியான நீரிலும் ஒரு வழிநடத்துநரால் ஆறு அல்லது எட்டுப் புதியவர்களுக்கு மேல் கவனிக்க இயலாது. இருபது பேரை நீரில் இறக்க, டிராகன் படகுக்குச் சுக்கான் பிடிப்பவரும் பயிற்சியாளரும் போதும். கயாக்குகளுக்குத் தேர்ந்தவர்கள் மூவராவது வேண்டும். ஆயினும் அந்த மூவரில் ஒருவர் வராவிட்டால் பயிற்சி சுருங்குமே தவிர நிற்காது.

கயாக் கழகத்தின் உண்மையான குறை, உறுப்பினர் ஒருவர் மூன்று மாதம் வராததை எவரும் கவனிக்காமல் போவதுதான். சந்தா புதுப்பிக்கும் நாளில்தான் அவர் விலகியது தெரியவருகிறது. வேலைகளும் அப்படியே: படகுகளைக் கழுவுவது, ஓட்டையை அடைப்பது, சாவியை வைத்திருப்பது எல்லாம் கிடங்கின் அருகில் குடியிருக்கும் ஒருவரிடமே போய்ச் சேர்கின்றன.

கட்டாயப் பணிநேரம் விதித்தால் இது தீருமா என்பது செயற்குழுக்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. சலித்தவர்களை இன்னும் விரைவாக வெளியேற்றவே அது உதவும் என்று அஞ்சுகிறேன். 'உதவிக்கு யாராவது வாருங்கள்' என்ற பொது அழைப்பும் பயன்படுவதில்லை. 'லைஃப் ஜாக்கெட்டுகளின் வார்களையும் கொக்கிகளையும் மாதம் ஒருமுறை பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஏற்பார்' என்று பெயர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

ஆள்பலம் குறைந்த புதிய கழகம் ஒன்றுக்கு நான் பரிந்துரைப்பது, 10 பேர் துடுப்புப் போடும் சிறிய டிராகன் படகும் அதனுடன் இருவர் கயாக்குகள் மூன்றுமே. பதினாறு பேர் வந்தால் ஒருவர்கூடக் கரையில் நிற்க வேண்டாம்: சுக்கானும் துடுப்புகளுமாகப் பதினொருவர் டிராகன் படகில் ஏற, நால்வர் இரண்டு கயாக்குகளில் செல்லலாம். எஞ்சிய ஒருவர் முரசடிப்பவரின் இருக்கையில் முகம் பின்னோக்க அமர்ந்து, படகின் மறுகோடியில் சுக்கான் பிடிப்பவர் கையாளும் விதத்தைப் பார்த்துக் கற்கட்டும். அடுத்த மாதம் அவருடைய கையில் சுக்கானைக் கொடுக்கலாம்.