கூடுதலில் இருந்து பொது உறுப்பு: கழிப்பதா, குறுக்குவழியா?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் டியூஷன் போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது. ஒரு எண் தொடரில் முதல் ந உறுப்புகளின் கூடுதல் 3ந²+2ந என்றால், பொது உறுப்பு, அதாவது ந-ஆவது உறுப்பு, என்ன?

வேகம்
கழித்தல்: கூடுதலில் ந இருக்குமிடத்தில் ந−1 போட்டு, விரித்து, அசல் கூடுதலிலிருந்து கழித்தால் 6ந−1. குறி மாறினால் எல்லாம் போச்சு.
குறுக்குவழி: ந=1, 2 போட்டால் கூடுதல்கள் 5, 16. உறுப்புகள் 5, 11, வித்தியாசம் 6. அதே 6ந−1, மனக்கணக்கிலேயே.

நம்பகம்
குறுக்குவழி: கூட்டுத்தொடருக்கு (அடுத்தடுத்த உறுப்புகளின் வித்தியாசம் மாறாத தொடர்) மட்டும். கூடுதல் ந²+1 என்று கொடுத்தால் ந+1 என்று சொல்லும். ஆனால் மூன்றாம் உறுப்பு 4 இல்லை, 5.
கழித்தல்: அதே ந²+1-க்கு 2ந−1 தரும், அதுவும் இரண்டாம் உறுப்பிலிருந்துதான். முதல் உறுப்பு 2 என்று தனியாக எழுத வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கூடுதல் மாறிலி (+1 மாதிரி தனி எண்) இல்லாத இருபடிக் கோவை, அதுவும் ஒரு மதிப்பெண் கேள்வியா? சரி, குறுக்குவழி போதும். படிப்படியாக எழுதும் விடைக்கும், ந/(ந+1) மாதிரி கூடுதலுக்கும் கழித்தலைத்தான் சொல்வேன்.