நெஞ்சுத் தையலை விடக் கால் தையல்தான் படுத்துகிறது

பைபாஸ் முடிந்த அப்பா நெஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை, புலம்பலெல்லாம் காலுக்குத்தான். இதயத்தில் வைத்துத் தைக்கக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் கணுக்காலிலிருந்து தொடை வரை ஸ்டேப்ளர் பின். திருச்சியில் போட்டது. போடுவது சீக்கிரம்தான், பிடுங்கும்போது சுருக் சுருக்கென்கிறது; வேட்டி வேறு மாட்டும்.

மன்னார்குடி சித்தப்பாவுக்குத் தஞ்சாவூரில் தோலுக்கு அடியில் கரையும் நூலால் தைத்தார்கள். பிரிக்க வேண்டியதே இல்லை, தழும்பும் மெலிசு. என் ஓட்டு இதற்கே. ஆனாலும் சர்க்கரை ஏறியதில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே நீர் கசிந்தது. எந்தத் தையலானாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கணும். அங்கே டிரெஸ்ஸிங் படு சுத்தம். டாக்டரிடம் விளக்கம் கேட்டால்தான் முகம் சுளிப்பு.

சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு அந்த ரத்தக்குழாயை எடுக்கும் முறையும் உண்டு. காயம் சிறிது, புண் சீழ் பிடிப்பதும் குறைவு. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.